தரையில் கிடக்கும் கருவிக்கு 2.6 மீட்டர் ஆழம் எங்கிருந்து வந்தது?

முக்குளிப்புக் கருவிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விமானத்தில் வந்து இறங்கிய இரவு பையைத் திறந்தபோது என் டைவ் கம்ப்யூட்டர் (தண்ணீருக்கடியில் ஆழமும் நேரமும் கணக்கிட்டுக் காட்டும் கைக்கருவி) விழித்துக்கொண்டிருந்தது. திரையில் 2.6 மீட்டர் ஆழம். டைவ் நேரம் 99 நிமிடத்தில் போய் நின்றிருந்தது. தண்ணீர்ப் பக்கமே நான் போகவில்லை. மறுநாள் காலையிலும் அதே எண். உடன் வந்தவர் சொன்னபடி பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பயணம் முழுவதும் வாடகைக் கருவியோடுதான் இறங்கினேன். இனி இதை நம்பலாமா, ஐயா?

பதில்: நம்பலாம். அப்படிச் சொல்லும் தைரியத்தை எனக்குத் தருவது நீங்கள் குறித்துவைத்த அந்த 2.6 தான். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, "ஏதோ ஆழம் காட்டியது, உடனே ரீசெட் செய்துவிட்டேன்" என்று முடியும். எவ்வளவு காட்டியது என்று திரும்பக் கேட்டால் பதில் இருக்காது. தவறான எண் என்பது குப்பை இல்லை. எங்கே கோளாறு என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். அதை அழித்துவிட்டுக் காரணம் கேட்டால் நான் என்ன சொல்வது?

டைவ் கம்ப்யூட்டருக்கு ஆழம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குள் இருக்கும் சென்சரில் ஒரு மெல்லிய தகடு. தகட்டின் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளியுலகம். அழுத்தம் கூடினால் தகடு வளைகிறது, அதில் பதிந்திருக்கும் மின்தடைகள் மாறுகின்றன. இப்படிக் கிடைப்பது மொத்த அழுத்தம். காற்றும் தண்ணீரும் சேர்ந்த கணக்கு. அதிலிருந்து தண்ணீரின் பங்கை மட்டும் பிரிக்க, நீர் மேற்பரப்பில் காற்றழுத்தம் எவ்வளவு என்று கருவிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கடல் மட்டத்தில் அது சுமார் 1013 மில்லிபார். மொத்தத்தில் இதைக் கழித்து, மிச்சமிருக்கும் ஒவ்வொரு 100 மில்லிபாருக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று திரையில் போடுகிறது.

பயணிகள் விமானத்தின் கேபினில் தரைமட்ட அழுத்தம் வைப்பதில்லை. பழைய வடிவமைப்புகளில் அதிகபட்சம் 8000 அடி உயரத்துக்குச் சமமான காற்று இருக்கும், அதாவது சுமார் 750 மில்லிபார். அந்த நேரத்தில் உங்கள் கருவி விழித்து, "மேற்பரப்பு அழுத்தம் 750" என்று எழுதி வைத்துக்கொண்டதாக வையுங்கள். விமானம் இறங்க இறங்கக் கேபின் அழுத்தம் ஏறுகிறது. அரைமணி நேரத்தில் 260 மில்லிபார் கூடிவிடுகிறது. கருவியின் பார்வையில் யாரோ அதைக் கட்டிக்கொண்டு மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். 1.2 மீட்டரோ 1.5 மீட்டரோ தாண்டியதும் டைவ் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்கிறது. தரையைத் தொடும்போது 2.6 மீட்டர். தராசுத் தட்டில் முன்பே ஒரு படிக்கல் கிடந்தால் எதை வைத்தாலும் அந்த எடை சேர்ந்தே வரும் இல்லையா, அதே கதை. தராசு பழுதில்லை.

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் கேபினை 6000 அடிக்குச் சமமாக வைக்கிறார்கள். அவற்றில் இதே கோளாறு வந்தால் எண் இரண்டு மீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் 2.6 பழைய வகை விமானத்தோடு பொருந்துகிறது. எந்த விமானம் என்று டிக்கெட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது. ஒருவேளை நீங்கள் 0.3 என்று எழுதியிருந்தால் வானிலை மாற்றம் என்று சொல்லி முடித்திருப்பேன். காற்றழுத்தம் நாளுக்கு நாள் முப்பது மில்லிபார் வரை ஆடுவது இயல்பு, அது முப்பது சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். 7 என்று எழுதியிருந்தால் விமானத்தின் மீது பழி போட வழியே இல்லை. கருவியை உடனே பழுது பார்ப்பவரிடம் அனுப்பச் சொல்லியிருப்பேன்.

தூங்கும் கருவி ஏன் விழித்தது? பெரும்பாலான கருவிகள் அணைந்திருக்கும்போதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்றழுத்தத்தைப் பார்த்துத் தங்கள் குறிப்பைத் திருத்திக்கொள்ளும். அப்படித் திருத்திக்கொண்டே வந்தால் விமானம் இறங்கியதும் சரியாக 1013-ல் வந்து நிற்கும், உங்களுக்கு எதுவும் தெரியவராது. சிக்கல் எப்போது என்றால், பறக்கும்போது யாராவது பட்டனை அழுத்தும்போது, அல்லது ஈரம் படும்போது. பல மாடல்களில் உடலின் பக்கவாட்டில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். அவற்றுக்கிடையே ஈரம் இணைப்பு ஏற்படுத்தினால் தண்ணீருக்குள் வந்துவிட்டோம் என்று கருவி எழுந்துகொள்ளும். முந்தைய பயணத்தில் சரியாகக் காயாத நியோபிரீன் கையுறைக்குள் கருவியைச் சுருட்டி வைத்தீர்களா? நான் பந்தயம் கட்டுவதென்றால் அந்தக் கையுறை மீதுதான் கட்டுவேன்.

டைவ் தொடங்கிவிட்டது என்று நம்பிய கருவி அதன்பின் மேற்பரப்பு அழுத்தத்தைத் திருத்தாது. திருத்தவும் கூடாது, உண்மையான டைவின் நடுவே ஆழத்தைப் பூஜ்யமாக்கிவிட்டால் என்ன ஆவது? ஆகவே காலை வரை காத்திருந்தும் அது மாறாமல் இருந்ததில் வியப்பில்லை. டைவ் முடிய வேண்டுமானால் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குக் கீழே குறைய வேண்டும். அறைக்குள் கிடக்கும் கருவிக்கு அது எப்படி நடக்கும்?

பேட்டரியைக் கழற்றியது உங்கள் நிலையில் சரியான வைத்தியம். ஆனால் எல்லோருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். பல கருவிகளில் பேட்டரியோ முழு ரீசெட்டோ ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து கரைந்து உடலில் தங்கியிருக்கும், அவசரமாக மேலே வந்தால் குமிழாகிவிடும் நைட்ரஜனின் கணக்கையும் சேர்த்து அழித்துவிடும். நீங்கள் டைவ் செய்யாமல் வந்து இறங்கியவர், அழிய ஒன்றுமில்லை. முந்தைய நாள் நான்கு முறை இறங்கியவர் அதைச் செய்தால், கருவி அவரைப் புத்தம்புது ஆளாக நினைத்து அதிக நேரம் கொடுக்கும். அப்படிப்பட்டவர் கடைசி டைவிலிருந்து முழுதாக ஒரு நாளாவது தண்ணீரை விட்டு விலகியிருந்து, பிறகு சுத்தமான கணக்கோடு தொடங்குவதே முறை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பேட்டரி மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் மணலோ முடியோ இல்லை என்று பாருங்கள். ஒரு இரவு உலர்ந்த இடத்தில் கருவியை வைத்து, காலையில் 0.0 காட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை இறங்கும்போது முதல் டைவில், கூட இறங்கும் துணைவரின் கருவியை உங்கள் கருவியோடு ஒரே மட்டத்தில் பிடித்து, ஐந்து மீட்டரிலும் பதினைந்து மீட்டரிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் அரை மீட்டருக்குள் ஒத்துப்போனால் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

கேள்வி: எனக்கும் இப்படித்தான் ஆயிற்று, ஆனால் 2 மீட்டர். கருவி அதிகமாகத்தானே காட்டுகிறது, மனத்துக்குள் இரண்டைக் கழித்துக்கொண்டு டைவ் செய்தால் என்ன? அதிக ஆழம் என்று நினைக்கும் கருவி கூடுதல் எச்சரிக்கையாகத்தானே இருக்கும்?

பதில்: ஆழத்தைக் கழித்துவிடலாம். மற்றதை எதிலிருந்து கழிப்பீர்கள்? நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற வழியில் சற்று நிற்பது) இல்லாமல் மேலே வரக்கூடிய நேரம், நிறுத்தம் தேவைப்பட்டால் அதன் ஆழம், இரண்டு டைவுகளுக்கு இடையே மேற்பரப்பில் இருந்த நேரம் என எல்லாவற்றையும் அதே தவறான அடித்தளத்தில்தான் கருவி கணக்கிடுகிறது. நீங்கள் படகில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதும் அது உங்களை இரண்டு மீட்டர் ஆழத்தில் வைத்திருக்கும். அதன் கணக்கில் உங்கள் முதல் டைவ் முடியவே இல்லை. இரண்டாவது முறை இறங்கும்போது இடைவேளை என்ற ஒன்றே பதிவாகியிருக்காது.

கூடுதல் எச்சரிக்கை என்று நீங்கள் சொல்வது ஓரளவு உண்மைதான். கணக்கு கடுமையான பக்கமாகத்தான் சாயும். ஆனால் நீங்கள் எதை நம்புவது, எதை விடுவது என்று தண்ணீருக்கடியில் யோசிக்கத் தொடங்கிவிட்டால் கருவி கட்டியிருப்பதன் பயனே போயிற்று. சரிசெய்ய முடியாத நாளில் வேறொரு கருவி வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது ஊசி ஆழமானி, கைக்கடிகாரம், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணை மூன்றையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள், அட்டவணையைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால். இன்று பலருக்குத் தெரிவதில்லை என்பது என் தீராத குறை.

கேள்வி: கருவியைக் காற்றுப்புகாத பெட்டியில் பூட்டி எடுத்துப்போனால் விமானம் அதைத் தொட முடியாதல்லவா? அப்படித்தான் செய்கிறேன். ஆனால் மலைமேல் உள்ள ஓர் ஏரியில் டைவ் செய்தபோது என்னுடையது எல்லோரையும் விட இரண்டு மீட்டருக்கு மேல் குறைவாகக் காட்டியது.

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். முந்தைய இருவருக்கும் கருவி அதிகமாகக் காட்டியது. உங்களுக்குக் குறைவாகக் காட்டியிருக்கிறது. ஆபத்து இருப்பது இந்தப் பக்கத்தில்.

பெட்டி செய்த வேலை இது. கடல் மட்டத்தில் மூடினீர்கள், உள்ளே கடல் மட்டக் காற்று. விமானத்திலும் மலைப்பாதையிலும் உள்ளே அதே அழுத்தம். கருவி ஒழுங்காக அளந்து, "மேற்பரப்பு 1013" என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் பெட்டியைத் திறந்த உடனே கையில் கட்டி, ஈரம் பட்டு எழுந்து, பழைய குறிப்போடு உள்ளே போய்விட்டது. உயரத்தைக் கையால் அமைக்க வேண்டிய பழைய மாடல் என்றால் பெட்டிகூடத் தேவையில்லை. அமைக்க மறந்தால் இதே கதி.

ஏரி 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே காற்றழுத்தம் சுமார் 795 மில்லிபார். கருவி 1013 கழிக்கிறது. ஆக 218 மில்லிபார், நன்னீரில் சுமார் 2.2 மீட்டர், கணக்கில் காணாமல் போகிறது. நீங்கள் 18 மீட்டரில் இருக்கும்போது திரையில் 15.8. ஐந்து மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தம் செய்வதாக நினைத்து 7.2 மீட்டரில் நின்றிருப்பீர்கள். கடைசி இரண்டு மீட்டரில் கருவி வெறும் பூஜ்யம் காட்டியிருக்கும். மேலேறும் வேகத்தைப் பற்றி எச்சரிக்க அதற்கு வழியில்லை.

இதைவிடப் பெரியது கண்ணுக்குத் தெரியாத பிழை. திசுக்களில் கரைந்த நைட்ரஜன் எவ்வளவு வேகமாக, எவ்வளவு குமிழாக வெளியேறும் என்பது நீங்கள் வெளியே வந்து நிற்கும் காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. நீங்கள் 795-ல் வந்து நின்றீர்கள். கருவி 1013-ல் நிற்பதாக எண்ணி உங்களுக்கு நேரம் கொடுத்தது. கடலில் பிழையில்லாமல் இருக்கும் நேரம் மலையில் மிகை. இதோடு, கீழிருந்து அன்றே ஏறி வந்தவர் உடலில் உள்ள நைட்ரஜன் மலைக்காற்றுக்கு ஏற்கெனவே அதிகம். சரியாக இயங்கும் கருவி உயரமாற்றத்தைக் கண்டால் அந்த மிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிடும். பெட்டிக்குள் இருந்ததால் உங்களுடையது நீங்கள் மலை ஏறியதையே அறியவில்லை.

நீங்கள் நலமாக இருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்கலாம்.

பெட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை, அடிபடாமல் காக்க அது நல்லது. அழுத்தம் சமன் செய்யும் திருகு இருந்தால் திறந்து வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் கருவியை வெளியே எடுத்து, டைவுக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே திறந்த காற்றில் வையுங்கள். பிறகு பட்டனை அழுத்தி எழுப்பி, உயரக் குறியீடு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்கள் மில்லிபாரையே எண்ணாகக் காட்டும். அந்த வசதி இருந்தால் கையேட்டில் எந்தப் பக்கத்தில் என்று தேடிக் கண்டுபிடிப்பது அரைமணி நேர வேலைக்குத் தகும்.

கேள்வி: சரக்குப் பகுதியில் போடும் பெட்டியில் காற்றே இருக்காது, கருவி வெடித்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. பயணிகள் விமானத்தில் சரக்குப் பகுதியும் கேபினோடு சேர்த்தே அழுத்தப்படுகிறது. முப்பது பார் (ஒரு பார் என்பது 1000 மில்லிபார்) தாங்கும் சென்சரை கால் பார் குறைவு ஒன்றும் செய்யாது. இருந்தாலும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். காரணம் வேறு: பெட்டி தொலையும், எறியப்படும். தனியாக வைத்திருக்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது என்பது விமான விதி.

கேள்வி: என் கருவி தரையில் பூஜ்யம் காட்டுகிறது. இறங்கும்போது துணைவருடையதோடு சரியாகப் போகிறது. ஆனால் மேலே வரும்போது ஆறு மீட்டரில் சிக்கிக்கொள்கிறது. நான் மூன்றுக்கு வந்த பிறகுதான் எண் அசைகிறது. போன பயணத்தில் விமானம் ஏறிய பிறகுதான் இது தொடங்கியது.

பதில்: விமானத்தை விட்டுவிடுங்கள். அது தரும் பிழை எல்லா ஆழத்திலும் ஒரே அளவாக இருக்கும்; இறங்கும்போதும் ஏறும்போதும் மாறாது. உங்களுடையது தாமதம். சென்சரின் முன்னே உள்ள சிறு துளைகளில் உப்பு இறுகியிருக்க வேண்டும். பயணம் முடிந்து பையில் காய்ந்து கிடந்த நாட்களில் அது கட்டியாகியிருக்கும், அதனால் விமானத்தோடு சேர்த்து நினைக்கிறீர்கள். சூரியக் களிம்பும் மணலும் சேர்ந்தால் இன்னும் உறுதியாகும்.

வெதுவெதுப்பான நன்னீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். நீரை மாற்றி மறுபடியும் ஊற வையுங்கள். பொறுமைதான் மருந்து. குண்டூசியால் குத்தாதீர்கள். டாங்கியின் காற்றைத் துளைக்குள் பீய்ச்சாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு. நீங்கள் அகற்ற நினைக்கும் உப்பைவிட அது எளிதில் கிழியும். "கொஞ்சமாகத்தான் அடித்தேன்" என்ற குறிப்போடு பட்டறைக்கு வந்த கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

ஊறவைத்தும் தாமதம் நீடித்தால், அழுத்தக் கலத்தில் வைத்துச் சோதிக்கும் வசதியுள்ள பழுது நிலையத்துக்கு அனுப்புங்கள். அழுத்தத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தனித்தனியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஏற்றும்போது மட்டும் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. உங்கள் கோளாறு இறக்கும்போதுதான் வெளிப்படும்.

கேள்வி: 30 மீட்டரில் என் கருவிக்கும் நண்பருடையதற்கும் 0.8 மீட்டர் வித்தியாசம். 10 மீட்டரில் அவ்வளவு இல்லை.

பதில்: ஆழத்தோடு வளரும் பிழை. ஒன்று உப்புநீர் அமைப்பிலும் மற்றது நன்னீர் அமைப்பிலும் இருக்கும். இரண்டுக்கும் ஏறத்தாழ மூன்று சதவீதம் வித்தியாசம், 30 மீட்டரில் அது நீங்கள் சொன்ன அளவுதான். நிறுத்தக் கணக்கு அழுத்தத்தில் நடப்பதால் பாதுகாப்புக்குப் பாதகமில்லை. அமைப்பை ஒன்றாக்கிவிட்டுப் படகில் வேறு எதற்காவது சண்டை போடுங்கள்.

கேள்வி: கடைசி நாள் டைவுக்குப் பிறகு கருவி தானாக ரீசெட் ஆகி, பறக்கத் தடை என்ற குறியீடும் மறைந்துவிட்டது. அப்படியென்றால் அன்றிரவே விமானம் ஏறலாமா?

பதில்: குறியீடு மறைந்தது, நைட்ரஜன் மறையவில்லை. முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டுதல்: நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம், கட்டாய நிறுத்தம் வைத்த டைவ் என்றால் 18-ஐ விடக் கணிசமாக அதிகம். கருவி உயிரோடு இருந்தாலும் இந்த எண்களே அடிப்படை. கடைசி டைவில் மேலே வந்த நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி தீர்ந்தாலும் அது அழியாது.

உங்கள் கருவி தானாக ரீசெட் ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரியின் தொடுமுனையில் துரு. மூடியைத் திறந்து, பச்சை நிறப் படிவு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.